ஃப்ரீசரில் இரண்டு ஸ்பூன்

“அண்ணி, கண்ணை மூடுங்க. அசையாம இருங்க.”

ஃப்ரீசரிலிருந்து எடுத்த இரண்டு ஸ்பூன்களையும் நாத்தனார் முதலில் தன் புறங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவற்றின் முதுகுப்பக்கத்தை அண்ணியின் கண்களுக்குக் கீழே, உப்பியிருந்த இடத்தில், மெல்ல அழுத்தினாள். அந்த வீட்டு மருமகளான அவளுக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. அடுப்பில் டீ பொங்கி வழியும் சத்தம் கேட்டது. எழுந்து போய் அணைக்க முடியவில்லை. கல்யாணமாகி வந்த பதினோரு வருடத்தில் அவள் அடுப்பில் வைத்த டீ பொங்கி வழிந்தது அன்றுதான்.

“என்ன நடக்குது அங்க?” கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது. மூச்சு வாங்கும் குரல். ஒரு வாக்கியத்துக்கு நடுவே ஒரு தடவையாவது நின்றுதான் வரும்.

“அண்ணிக்கு வைத்தியம் பண்றேம்மா.”

“ஸ்பூனை வெச்சா? ராத்திரி பூரா அழுது கொட்டிட்டு... காலைல ஸ்பூன் வெச்சா சரியாப் போயிடுமா?”

“நான் அழலை அத்தை,” என்றாள் மருமகள், கண்ணைத் திறக்காமலே.

“ஆமா. நான்தான் அழுதேன்.”

நாத்தனார் ஸ்பூன்களை எடுத்தாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். இரண்டு கருவிழிகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று அளக்கும் சின்னஞ்சிறு அளவுகோல் ஒன்று எப்போதும் அவள் பையில் இருக்கும். அதை அண்ணியின் கன்னத்தில் வைத்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

“இடது பக்கம் வீக்கம் லேசா இறங்கியிருக்கு. வலது அப்படியேதான் இருக்கு.”

“வலது பக்கத்துக்கு உங்கம்மா மேல பயம் இல்லை போல,” என்று மருமகள் மெதுவாகச் சொன்னாள். இருவரும் சத்தம் வராமல் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் நாத்தனாரின் முகம் மறுபடி வாடிப்போனது.

காரணம் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் நாத்தனாரைப் பெண் கேட்டு ஒரு குடும்பம் வந்து போயிருந்தது. பேச்செல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மருமகள்தான் டீ கொண்டுவந்து வைத்தாள். இரண்டு நாள் கழித்து தரகர் போன் செய்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம், ஆனால் வேண்டாமாம். ஏன் என்று மாமியார் கேட்டுக் கேட்டுத்தான் அந்த மனிதர் வாயைத் திறந்தார்.

“அந்த வீட்டு மருமக கண்ணைப் பாத்தீங்களா, அழுது அழுது வீங்கியிருக்கு. வந்த பொண்ணை இப்படி வெச்சிருக்கிறவங்க, வளத்த பொண்ணுக்கு என்ன குணம் சொல்லிக் குடுத்திருப்பாங்கன்னு சொல்றாங்கம்மா. நான் சொல்லலை. அவங்க சொல்றாங்க.”

அன்றிலிருந்து அந்த வீட்டில் மருமகளின் கண்கள்தான் பேச்சு. இப்போது இன்னொரு குடும்பம் வரப்போகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு.

டீயை ஆற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்த மருமகளை மாமியார் ஏறிட்டுப் பார்த்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சாய்ந்தால் மூச்சு முட்டும்.

“இங்க பாரு. உன்னை நான் அடிச்சேனா? பட்டினி போட்டேனா?”

“இல்லை அத்தை.”

“அப்புறம் எதுக்கு ஊருக்கே அழுது காட்டறே? என் பொண்ணு வாழ்க்கை உன் கண்ணுல மாட்டிக்கிட்டு நிக்குது. ஞாயித்துக்கிழமை காலைல உன் கண்ணு எல்லார் கண்ணு மாதிரி இருக்கணும். இல்லேன்னா சொல்லிட்டேன்... பையை எடுத்துக்கிட்டு உங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பு. இவ கல்யாணம் முடியுற வரைக்கும் அங்கயே இரு.”

“அம்மா,” என்று நாத்தனார் இடையில் வந்தாள்.

“நீ சும்மா இரு. உனக்காகத்தான் பேசறேன்.”

மருமகள் தலைகுனிந்து நின்றாள். அக்கா வீட்டுக்குப் போவதில் அவளுக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை. அக்கா அள்ளி அணைத்துக்கொள்வாள். அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது வேறு விஷயம். நான் போய்விட்டால் ராத்திரியில் இவரை யார் பார்ப்பார்கள்?

அதைத்தான் அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

நான்கு மாதத்துக்கு முன்னால் மாமியாருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். நுரையீரலில் நீர் சேர்கிறது, மட்டமாகப் படுக்கக் கூடாது, மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்க வேண்டும், ராத்திரியில் பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் மாமியார் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“எனக்குக் காவல் வேண்டாம். எங்கம்மாவைச் சுத்தி இப்படித்தான் ஆள் மாத்தி ஆள் உக்காந்திருந்தோம். அவங்க ஒருநாள் என்னைப் பாத்து, எப்ப போவேன்னு பாத்துக்கிட்டே உக்காந்திருக்கீங்களேன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வி இன்னும் என் காதுல இருக்கு. என் கட்டில்கிட்ட ராத்திரி யாராவது வந்து உக்காந்தீங்கன்னா, மறுநாளே முதியோர் இல்லத்துல போய்ச் சேந்துக்குவேன்.”

சொன்னால் செய்கிறவர். எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், தண்ணீர் குடிக்க எழுந்த மருமகள் மாமியாரின் அறையில் ஒரு சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். மாமியார் தலையணைகளிலிருந்து சரிந்து மட்டமாகக் கிடந்தார். தூக்கத்திலேயே மூச்சு திணறிக்கொண்டிருந்தது. அவள் கையைக் கொடுத்து மேலே ஏற்றிச் சாய்த்தாள். மூச்சு சீரானது. மாத்திரைத் தூக்கத்தில் அவர் கண் திறக்கவில்லை. மருமகள் அப்படியே கட்டிலோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் அவளுக்கு அந்த முக்காலிதான். மாமியார் தூங்கிய பிறகு வருவாள். இரண்டு கைகளையும் மடித்து மெத்தை ஓரத்தில் வைத்து, அதன்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொள்வாள். அப்படிப் படுத்தால்தான் மெத்தையின் அசைவு கைக்குத் தெரியும். மூச்சு தடுமாறினால் காதுக்கு முன்னால் கை சொல்லிவிடும். ஐந்து மணிக்கு எழுந்து முக்காலியை மூலையில் வைத்துவிட்டு, முகம் கழுவி, அடுப்பைப் பற்றவைப்பாள். கணவனுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. கூடத்தில் படுக்கும் நாத்தனாரோ, கண்ணை மூடினால் கட்டைதான். யாருக்கும் தெரியாது.

கணவனிடமாவது சொல்லலாம். ஆனால் அவனுக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. காலையில் சொன்னால் பல் துலக்கி முடிப்பதற்குள் அம்மாவிடம் போய் நிற்பான். மாமியார் பெட்டியைக் கட்டுவார். இல்லையென்றால் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தூங்குவார், அதோடு தீர்ந்தது. அதற்கு அழுமூஞ்சி என்ற பெயரே மேல் என்று அவள் பேசாமல் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை வெள்ளரிக்காய். நாத்தனார் வட்டமாக நறுக்கி, ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, அண்ணியின் இரண்டு கண்மீதும் வைத்துவிட்டு, கால் மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அந்த நேரம் பார்த்துக் கணவன் வந்தான். மாவும் ஈஸ்டும் கலந்த வாசனை அவனுக்கு முன்னால் வந்தது.

“என்ன இது, கண்ணுல காய் விளையுது?”

“உங்க தங்கச்சி ஏற்பாடு. எடுத்தா திட்டுவா.”

அவன் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான். கண் மூடியிருந்ததால், அவன் கை தன் கையைத் தேடி வந்தது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. விரல் இடுக்கில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது.

“உண்மையைச் சொல்லு. குழந்தை இல்லைன்னுதானே அழறே?”

“ஐயோ, இல்லைங்க.”

“நான் ராத்திரியில வீட்ல இல்லாதது பெரிய தப்பு. பகல் வேலைக்கு மாத்தித் தாங்கன்னு கேட்டேன். ஆள் இல்லைன்னுட்டாங்க. தினமும் மாவைப் பிசையறப்ப, இந்நேரம் நீ தனியா படுத்து அழுதுக்கிட்டிருப்பியேன்னு தோணும். கை ஓடாது.”

“நான் அழலைங்க. சத்தியமா அழலை.”

“அப்ப இந்தக் கண்ணு?”

அந்த மௌனத்தை அவன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான். எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். வெள்ளரிக்காய்க்கு அடியில் அவள் கண்கள் குளிர்ந்து கிடந்தன. அழாத ஒருத்தி, அழவில்லை என்பதை எதை வைத்து நிரூபிப்பாள்?

மறுநாள் டீத்தூள் பைகள் வந்தன. வெந்நீரில் நனைத்து, பிழிந்து, குளிரவைத்தவை. அவற்றைக் கண்மேல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, “கண்ணுல டீ போட்டா... குடிக்கிறது யாரு?” என்று மாமியார் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் எதிர்பார்க்காத குரலில், “ரொம்ப ஜில்லுன்னு இருந்தா தலைவலி வரும். எடுத்துடு,” என்றார். வியாழனன்று நாத்தனார் அண்ணியின் சாப்பாட்டில் உப்பைக் குறைத்தாள். மாமியாருக்கு ஏற்கெனவே உப்பில்லாச் சாப்பாடு. இனி ஒரே பாத்திரத்தில் சமைக்கலாம் என்பதுதான் அதில் கண்ட லாபம். தினமும் ராத்திரி அந்த முக்காலி காத்திருந்தது. தினமும் காலையில் அளவுகோல் பழைய கணக்கையே சொன்னது.

வெள்ளிக்கிழமை நாத்தனார் மேல்வீட்டு நர்ஸம்மாவைக் கையோடு அழைத்து வந்தாள். இரவு வேலை முடிந்து காலையில் வந்த நர்ஸம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே மருமகளை உட்காரவைத்துவிட்டார்.

“கால் வீங்குதா?”

“இல்லை.”

“அரிக்குதா? சிவக்குதா? ரத்தம் டெஸ்ட் பண்ணியா?”

“போன மாசம் பண்ணேன். எல்லாம் சரியா இருக்குன்னுட்டாங்க.”

“சாயங்காலம் வத்திடுது, காலைல பூசணிக்காய் மாதிரி ஆயிடுது. அப்படித்தானே?” நர்ஸம்மா அவள் முகவாயைத் தூக்கிப் பார்த்தார். நெற்றியில் புடவை மடிப்பின் தடம் ஒன்று ஓடியிருந்தது. “நீ எப்படிப் படுக்கறே?”

மருமகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “எல்லாரையும் மாதிரிதான்.”

“எல்லாரையும் மாதிரிப் படுத்தா இந்தக் கோடு ஏன் விழுது? குப்புறப் படுக்கறே. உடம்புல இருக்கிற நீரெல்லாம் கண்ணுக்குக் கீழ வந்து தேங்குது. ஸ்பூனும் வேண்டாம், வெள்ளரிக்காயும் வேண்டாம். ரெண்டு தலையணை வெச்சு, மல்லாந்து, தலையை உயத்திப் படு. நல்லாத் தூங்கு. ஒரே ராத்திரியில வித்தியாசம் தெரியும்.”

“அவ்வளவுதானா?” என்று நாத்தனார் வாயைப் பிளந்தாள். “அண்ணி, இவ்வளவு சுலபமா?”

“சுலபம்தான்,” என்றாள் மருமகள்.

சனிக்கிழமை மாலை அவள் பையில் நான்கு புடவைகளை எடுத்து வைத்தாள். பிறகு வெளியே எடுத்தாள். மறுபடி வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்து யோசித்தாள். இன்றும் முக்காலிக்குப் போனால் நாளைக்குக் கண் வீங்கும். நாளைக்குக் கண் வீங்கினால் அக்கா வீடு. அக்கா வீடு என்றால் எத்தனை மாதமோ, அத்தனை ராத்திரியும் அத்தை தனி. இன்று ஒரே ஒரு ராத்திரி போகாமல் இருந்தால்... ஒன்றைக் கொடுத்து எல்லாவற்றையும் காப்பாற்றிக்கொள்ளலாம். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் அதே விடைதான் வந்தது.

மாமியார் படுக்கப் போகும்போது தலையணைகளை வழக்கத்தைவிட அதிகமாகத் தட்டித் தட்டி வைத்தாள். இரண்டு பக்கமும் போர்வையைச் சுருட்டி முட்டுக் கொடுத்தாள்.

“என்ன இது, என்னைப் பார்சல் கட்டறியா?”

“சரியாம இருக்கத்தான் அத்தை.”

மாமியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்க வந்தவர் போல உதடு அசைந்தது. ஆனால் விளக்கை அணைக்கச் சொன்னார்.

மருமகள் கதவைத் திறந்தே வைத்தாள். தன் அறைக்குப் போய் இரண்டு தலையணை போட்டு மல்லாந்து படுத்தாள். காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் நான்கு மாதமாகக் கட்டிலையே பார்க்காத முதுகு அவளைக் கேட்காமல் தூங்கிப்போனது.

விழித்தபோது ஜன்னலில் வெயில். மணி ஆறே கால். துள்ளி எழுந்தவள் கண்ணாடி முன்னால் ஒரு நொடி நின்றாள். ஒரே நொடிதான். இமைகள் மெல்லியதாக இருந்தன. கண்ணுக்குக் கீழே மேடு இல்லை. கண்ணாடியில் நின்ற முகம் எங்கேயோ பார்த்துப் பழகிய முகம் போல இருந்தது. இருக்கலாம், நான் இங்கேயே இருக்கலாம் என்று அவள் நெஞ்சு குதித்தது.

அப்போதுதான் அந்த வீட்டின் அமைதி காதில் விழுந்தது. இந்நேரம் மாமியார் இரண்டு தடவையாவது இருமியிருக்க வேண்டும்.

ஓடினாள்.

போர்வை முட்டு ஒன்று தரையில் கிடந்தது. தலையணைகள் மேலே இருந்தன, மாமியார் கீழே சரிந்து கிடந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தண்ணீருக்குள் குழாய் வைத்து ஊதுவது போல நெஞ்சுக்குள் ஒரு சத்தம். ஒரு கை மட்டும் கட்டில் ஓரத்துக்கு நீண்டு, விரல்கள் விரிப்பைப் பற்றிக்கொண்டிருந்தன. தினமும் அவள் தலை இருக்கும் இடம் அது.

“அத்தை... அத்தை... பாவி நான்... ஏந்திரிங்க அத்தை...”

நாத்தனார் எழுந்து ஓடி வந்தாள். இருவரும் தூக்கி உட்காரவைத்தார்கள். நர்ஸம்மா படிக்கட்டில் இறங்கி வந்து, காலைக் கீழே தொங்கப்போடுங்கள் என்றார், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். வண்டியில் மாமியாரைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மருமகள் அழுதாள். அந்த வீட்டுக்கு வந்த பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, வாய்விட்டு, மூக்கு ஒழுக அழுதாள். ஒரு ராத்திரி... ஒரே ஒரு ராத்திரி என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாள். நாத்தனாருக்கு எதுவும் புரியவில்லை. அண்ணியின் முதுகைத் தடவிக்கொண்டே மறுகையால் தரகருக்குப் போன் செய்தாள். இன்றைக்கு வரவேண்டாம் என்று சொல்லுங்கள், அம்மா ஆஸ்பத்திரியில்.

ஊசி போட்டார்கள். மூக்கிலும் வாயிலும் ஆக்ஸிஜன் மூடி வைத்தார்கள். கணவன் தொழிற்சாலை உடையிலேயே, தலைமுடியெல்லாம் மாவாக ஓடி வந்தான். இளம் மருத்துவர் ஒருவர் அவனைத் தனியே அழைத்துப் பேசினார். இந்தத் தடவை தப்பிவிட்டார், ஆனால் இதயம் இனி பழையபடி ஆகாது, பார்த்துப் பார்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால்... அவர் முடிக்கவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

பத்து மணி சுமாருக்கு மாமியார் கண் திறந்தார். திரைச்சீலை போட்டு மறைத்த சின்ன இடம் அது. மகனையும் மகளையும் பார்த்துவிட்டு, காலடியில் நின்ற மருமகளிடம் பார்வை வந்து நின்றது. மெல்ல மூடியை விலக்கினார்.

“ராத்திரி எங்க போனே?”

“நான்... என் ரூம்லதான் இருந்தேன் அத்தை.”

“கையை நீட்டினேன். உன் தலை இல்லை.”

மருமகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கணவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “என்னம்மா சொல்றே? யார் தலை?”

“நாலு மாசமா... ராத்திரி என் கட்டில் ஓரத்துல முக்காலி போட்டு உக்காந்திருப்பா. நான் தூங்கறேன்னு நினைச்சுக்கிட்டு.” மாமியார் மூச்சுக்காக நின்றார். “நடுவுல முழிப்பேன். பயமா இருக்கும். கையை நீட்டுவேன். அவ முடி தட்டுப்படும். அப்புறம் தூங்கிடுவேன்.”

“தெரியுமா அத்தை? உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்டி. காவல் வேண்டாம்னு பெரிசா பேசினவ நான். தெரியும்னு சொன்னா... நீ வராம நின்னுடுவியோன்னு சொல்லலை.”

“அப்ப ஏம்மா அண்ணியை அப்படிப் பேசினே?” நாத்தனாரின் குரல் உடைந்தது. “தெரிஞ்சும் அழுமூஞ்சின்னியே. வெளிய போன்னியே.”

“அழறான்னுதான் நினைச்சேன். முகத்தைக் கவுத்துக்கிட்டுப் படுத்திருப்பா. தோள் ஏறி ஏறி இறங்கும். ஒருநாள் விரிப்பைத் தடவிப் பாத்தேன். ஈரம். கட்டினவன் வேலைக்குப் போயிட்டான், மடியில ஒரு குழந்தை இல்லை, இந்தக் கிழவிகிட்ட வந்து மாட்டிக்கிட்டோமேன்னு... என் கட்டில்லயே வந்து அழறான்னு நினைச்சேன். அது என்னை அறுத்துச்சு. அக்கா வீட்டுக்காவது போய் நிம்மதியா இருக்கட்டும்னு ஒரு மனசு. போயிட்டா என்ன பண்ணுவேன்னு ஒரு மனசு. ரெண்டும் சேந்து வாயில விஷமா வந்துச்சு.”

“அத்தை, அது அழுகை இல்லை,” என்றாள் மருமகள். தேம்பலுக்கு நடுவே வார்த்தை வர மறுத்தது. “நான் தூங்கிட்டுத்தான் இருந்தேன்.”

“அப்ப அந்த ஈரம்?”

அவள் தலைகுனிந்தாள். “எனக்கு... தூக்கத்துல எச்சில் வடியும்.”

ஆக்ஸிஜன் சீறும் சத்தம் மட்டும் கேட்டது. கணவன்தான் முதலில் வாயைத் திறந்தான். சிரிக்கிறானா அழுகிறானா என்று அவனுக்கே தெரியவில்லை.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து வடியுதும்மா. என் தலையணை உறையை நீ பாத்ததில்லை.”

மாமியாரின் தோள்கள் குலுங்கின. விலக்கிப் பிடித்திருந்த மூடியில் புகை போல மூச்சு படர்ந்தது. சிரிப்பாகத் தொடங்கியது அழுகையாக மாறிக் கண்ணோரம் வழிந்தது.

“நேத்து ஏன் வரலை?”

“கண்ணு சரியாகணும்னு... நீங்க இருக்கச் சொல்லணும்னு. ஒரு ராத்திரி நல்லாப் படுத்தா கண்ணு வத்திடும்னு நர்ஸம்மா சொன்னாங்க. வத்திடுச்சு அத்தை. காலைல பாத்தேன். நல்லா இருந்துச்சு.” அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். “உங்களைக் கொல்லப் பாத்து வந்த அழகு அது.”

“வாயை மூடு. கொல்லப் பாத்தது நானு. உன்னை.”

கணவன் சுவரோரம் திரும்பி நின்றுகொண்டான். குழந்தை இல்லையென்றுதானே அழுகிறாய் என்று அவளிடம் கேட்டது அவன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நாத்தனார் பையைத் திறந்து அந்தச் சின்ன அளவுகோலை எடுத்துப் பார்த்தாள். திரும்ப உள்ளே போட்டு மூடினாள்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். விலக்கிக்கொண்டு ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி உள்ளே வந்தார். பின்னால் கூச்சத்தோடு ஒரு இளைஞன். மாப்பிள்ளையின் தாயும் மாப்பிள்ளையும்.

“தரகர் வர வேண்டாம்னு சொன்னார். எப்படி வராம இருக்கிறது? பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்.” அந்த அம்மாள் மாமியாரின் கையைத் தொட்டார். பிறகு மருமகளைப் பார்த்தார். காலையிலிருந்து அழுத கண்கள். முன்பு எந்தக் காலையிலும் இல்லாத அளவுக்கு வீங்கி, சிவந்து, திறக்கவே சிரமப்பட்டன. மருமகள் பழக்கதோஷத்தில் முந்தானையால் முகத்தை மறைக்கப் போனாள்.

“மறைக்காதே,” என்றார் மாமியார். மகளின் வாழ்க்கை எதிரில் நிற்பது தெரிந்தேதான் சொன்னார். “அம்மா, நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க, இந்த வீட்டு மருமக கண்ணு எப்பவும் வீங்கியிருக்கும்னு. நிஜம்தான். அதுக்குக் காரணம் நான்தான். இவ என்னைத் தூங்கவெச்சா. நான் இவளைத் தூங்கவிடலை. இதைச் சொல்லாம என் பொண்ணைக் குடுக்க மாட்டேன்.”

“கேள்விப்பட்டுத்தான் இருந்தேன்,” என்றார் அந்த அம்மாள். “உண்மையைச் சொன்னா, அந்தக் கண்ணைப் பாக்கத்தான் இன்னைக்கு வர்றதா இருந்தேன். அந்தப் பக்கம் நின்னப்ப எல்லாம் காதுல விழுந்துடுச்சு. மன்னிச்சுக்கோங்க.” மாமியாரின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். “நீங்க வீட்டுக்குத் திரும்பினதும் சொல்லி அனுப்புங்க. முறையா வர்றோம்.” மருமகளின் பக்கம் திரும்பினார். “டீ நீங்கதான் கொண்டுவந்து வைக்கணும்.”

அவர்கள் போனார்கள். நாத்தனார் வழியனுப்பக் கூடவே போனாள். கணவன் மருந்துச் சீட்டோடு வெளியே போனான். மாமியாரும் மருமகளும் தனியாக இருந்தார்கள்.

“இனிமே ராத்திரி முக்காலி கிடையாது,” என்றார் மாமியார். “என் கட்டில் பக்கத்துல இன்னொரு கட்டில் போடச் சொல்லு. கை எட்டற தூரத்துல.”

“அது காவல் ஆச்சே அத்தை.”

“ஆகட்டும். எவ்வளவு நாளைக்கோ. ரெண்டு தலையணை வெச்சுப் படு.”

எவ்வளவு நாளைக்கு என்பது இருவருக்குமே தெரியாது. மருத்துவரின் முடிக்காத வாக்கியம் அந்தத் திரைச்சீலைக்குள்ளேயே எங்கோ நின்றுகொண்டிருந்தது. அதை வற்றவைக்க எந்த ஸ்பூனும் இல்லை. மருமகளுக்கு மறுபடி கண் நிறைந்தது.

மாமியார் கையை நீட்டி, பக்கத்து மேஜையில் இருந்த சாப்பாட்டுத் தட்டைத் துழாவினார். ஒரு ஸ்பூன் அகப்பட்டது. குளிர்ந்த தண்ணீர் பாட்டிலின்மேல் அதைப் படுக்கவைத்து, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

“குனி.”

மருமகள் முழந்தாளிட்டு, மெத்தை ஓரத்தில், தினமும் தன் தலை இருக்கும் அந்த உயரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்தாள். இந்தத் தடவை கவிழ்க்கவில்லை. மாமியார் ஸ்பூனைத் திருப்பி, முதுகுப்பக்கத்தை அவள் கண்ணுக்குக் கீழே வைத்தார். ஊசி குத்தியிருந்த கையின் நடுக்கத்தில் ஸ்பூன் இடம் மாறி மாறிப் போனது. கன்னத்தில் ஒரு இடம், மூக்கோரம் ஒரு இடம் என்று குளிர்ந்தது.

“ஆடாதே,” என்றார்.

“நான் ஆடலை அத்தை.”

“தெரியும்,” என்றார் மாமியார்.